தேர்ட் பேஸுக்குப் பின்னால் இரண்டு எட்டு

என் வாய் நல்ல வாய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக அரசுப் பள்ளிகளில் பி.டி. டீச்சராக இருக்கிறேன். விசிலைவிட என் வாய்தான் தூரம் கேட்கும் என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்வார்கள். நானும் கூடவே சிரித்து வைப்பேன். அந்த வாயால் ஒரு பெண்ணை என்ன செய்து வைத்தேன் என்று தெரிந்தால் அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் அது. அப்போது நான் வேலை பார்த்த பள்ளி தர்மபுரிக்கும் தொப்பூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. கிரவுண்டு என்று பேர்தான். முழுக்கச் சரளை மண். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துக் கல் பொறுக்க விடுவேன். அடுத்த திங்கட்கிழமை பார்த்தால் அதே அளவு கல் கிடக்கும். எங்கிருந்துதான் வருமோ, சனியன். அந்த மண்ணில்தான் சாஃப்ட்பால் ஆட வைத்தேன். கபடிக்கும் கோகோவுக்கும் மாவட்டத்தில் ஆள் நெரிசல். சாஃப்ட்பாலுக்கு ஏழெட்டு டீம் வந்தாலே அதிகம். மாவட்டப் போட்டியில் நன்றாக ஆடுகிற பெண்களைப் பொறுக்கி மாநிலப் போட்டிக்கு ஒரு டீம் அனுப்புவார்கள். அதில் பேர் வந்தால் ஒரு சர்டிபிகேட். அதைக் காட்டினால் விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ் சீட்டுக்கு வழி உண்டு. மார்க்கை மட்டும் நம்பினால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் காலேஜ் வாசலைப் பார்க்க முடியாது.

அந்த வருஷம் எங்கள் டீமில் தேர்ட் பேஸில் நின்றவள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, நீளக் கை. அவளுக்கு பி.டி. டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. என்னிடமே வந்து, "மிஸ், உங்கள மாதிரி வேல வேணும், ஆனா உங்கள மாதிரி திட்ட மாட்டேன்" என்று சொன்னாள். அடிக்கக் கை ஓங்கினேன், ஓடிவிட்டாள். அவள் அப்பா கோட்டாவில் சீட் கிடைத்தால் படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் அத்தை மகன் தயாராக இருந்தான். ஆக, அந்த மாநில டீமில் அவள் பேர் வருமா வராதா என்பதில்தான் எல்லாமே இருந்தது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாஃப்ட்பால் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேரில்தான் சாஃப்ட். பந்து கல்லு மாதிரி இருக்கும். பேட்டர் நிற்கிற இடத்திலிருந்து வலப்பக்கம் அறுபது அடியில் ஃபர்ஸ்ட் பேஸ், இடப்பக்கம் அறுபது அடியில் தேர்ட் பேஸ். நடுவில் நின்று பந்து போடுகிறவள் பிட்சர். அடித்தவள் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடுவாள். அவள் போய்ச் சேருவதற்குள் பந்து அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் அவுட். சிலர் ஓங்கி அடிக்கவே மாட்டார்கள். மட்டையைக் குறுக்கே நீட்டிப் பந்தை லேசாகத் தொட்டுவிட்டு ஓட்டமெடுப்பார்கள். பந்து நாலு அடி உருண்டு நின்றுவிடும். இதற்குப் பன்ட் என்று பேர். அந்தப் பந்தை எடுக்க வேண்டுமானால் தேர்ட் பேஸ்காரி தன் பேஸை விட்டு நாலைந்து எட்டு முன்னால் வந்து நிற்க வேண்டும். அப்படி நிற்கிறபோது பேட்டர் பன்ட் போடுகிற மாதிரி காட்டிவிட்டு ஓங்கி அடித்துவிட்டாள் என்றால், பந்து நேராக முகத்துக்கு வரும். குனிந்து நிற்கிறவளுக்கு முகம்தானே முன்னால் இருக்கிறது.

அதற்கு முந்தின வருஷம் அப்படி முன்னால் வந்து நின்ற ஒரு பெண்ணுக்குத்தான் முன்பல் இரண்டு போனது. எங்கள் கிரவுண்டில், நான் அடித்துக் கொடுத்த பந்து. கல்லில் பட்டு எகிறி வாயில் போய் இடித்தது. அவள் அம்மா மறுநாள் கிரவுண்டுக்கு வந்து, நூறு பிள்ளைகள் முன்னால், குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி என் மேல் தூற்றினாள். "நீ வெளங்க மாட்டடி" என்றாள். சேலையெல்லாம் செம்மண். வீட்டுக்குப் போய்க் குளித்தேன், மறுபடி குளித்தேன். அன்றிலிருந்து மட்டையைப் பிடித்தாலே கை நடுங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. பி.டி. டீச்சருக்குப் பந்தைப் பார்த்தால் பயம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் தேர்ட் பேஸ்காரியின் அப்பா தொப்பூர்க் கணவாயில் கிரேன் ஓட்டுகிறவர். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் கவிழ்கிற லாரிகளைத் தூக்கி நிறுத்துவது அவர் தொழில். ஒருநாள் மதியம், சட்டையெல்லாம் கிரீஸோடு, கிரவுண்டு ஓரம் வந்து நின்றார்.

"டீச்சர், ஒரு வார்த்தைங்க."

"சொல்லுங்க."

"போன வருஷம் ஒரு புள்ளைக்குப் பல்லு போயிடுச்சாமுங்களே."

"ஆமாங்க" என்றேன்.

"நம்ம பாப்பாவுக்கு அப்பிடி ஆயிடக் கூடாதுங்க. கை காலு ஒடஞ்சாக்கூடப் பரவால்லீங்க, கட்டுப் போட்டுக்கலாம். மூஞ்சிக்கு மட்டும் ஒண்ணும் ஆவக் கூடாது. நான் தெனமும் பாக்கறவனுங்க டீச்சர். கண்ணாடி கிழிச்ச மூஞ்சியப் பாத்தா பெத்தவளே ஒரு நிமிசம் பின்னாடி போறா. என் கண்ணால பாத்திருக்கறேன்." அவர் பேச்சை நிறுத்தி உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார். "நீங்க பொறுப்புன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா அனுப்பறேன். இல்லீன்னா நிறுத்திக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் பொறுப்புங்க" என்றேன்.

"பாப்பாகிட்ட இதச் சொல்லிடாதீங்க. வூட்ல வந்து என்னக் கொன்னுபுடும்."

சொல்லவில்லை. அந்த வாரமே தேர்ட் பேஸுக்குப் பின்னால் இரண்டு எட்டு தள்ளிச் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டேன். "இதான் உன் எடம். இதத் தாண்டி ஒரு அடி முன்னால வெச்சே, தொலைச்சிருவேன்" என்றேன்.

அவள் கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மிஸ், பன்ட் போட்டா?"

"பிட்சர் ஓடி எடுப்பா. நீ வாய மூடு."

விளையாட்டு தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். பிட்சர் பந்தைப் போட்டுவிட்டு, நிலை தடுமாறிய காலைச் சரிசெய்து, திரும்பி, தேர்ட் பேஸ் பக்கம் ஓடிப் போய்க் குனிந்து, உடம்பைத் திருப்பி ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிய வேண்டும். ஒரு தடவை முடியும், இரண்டு தடவை முடியும். ஆனாலும் நான் அதைத்தான் பழக்கினேன். செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில் நிற்கிற ஷார்ட் ஸ்டாப்பைக் கொஞ்சம் முன்னால் இழுத்தேன், ஃபர்ஸ்ட் பேஸ்காரியை நன்றாக முன்னால் கொண்டுவந்தேன், செகண்ட் பேஸ்காரியை ஓடி வந்து ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கச் சொன்னேன். ஒரு பெண்ணின் முகத்தைக் காப்பாற்ற மற்றவர்கள் எல்லாரையும் நகர்த்தினேன். நோட்டில் படம் போட்டு அம்புக்குறியெல்லாம் வரைந்து, ஏதோ பெரிய திட்டம் மாதிரி பிள்ளைகளுக்கு விளக்கினேன். நாலைந்து நாளில் நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். அதுதான் கேவலம்.

அவள் நம்பவில்லை. கெட்டிக்காரி. பன்ட் போடப் போகிறவள் பந்து வருவதற்கு முன்னால் மேல்கையை மட்டையில் மெல்ல மேலே நகர்த்துவாள். அதைக் கண்டுபிடிக்க நான்தான் சொல்லிக் கொடுத்தேன். என்னைவிட அவளுக்கு அது சீக்கிரம் தெரிந்தது. கோட்டில் நின்றபடியே, "மிஸ், கை நகருது" என்பாள். நான் தலையை ஆட்டுவேன். பன்ட் விழும். பிட்சர் மூச்சு வாங்க ஓடுவாள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள், "ஹெல்மெட் போட்டுக்கிட்டு முன்னாடி நிக்கட்டுமா மிஸ்? எங்கப்பாது வூட்ல இருக்குது" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்களிடம் இருந்தது பேட்டருக்குப் பின்னால் உட்காருகிற கேட்சர் போடுகிற முகக்கவசம் ஒன்றே ஒன்று. ஃபீல்டிங்கில் நிற்கிறவர்களும் போட்டுக்கொள்ள கம்பி வைத்த கவசம் கடையில் விற்கிறது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயற்சி செய்யவில்லை.

மாவட்டப் போட்டி வேறொரு ஊரில், நல்ல கிரவுண்டில் நடந்தது. மண்ணைச் சலித்துப் போட்ட மாதிரி இருந்தது. கல்லே இல்லை. முதல் மேட்சில் வந்த டீமுக்குப் பன்ட் என்றால் என்னவென்றே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார்கள். ஜெயித்தோம். என் திட்டம் பலித்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீ குடித்தேன். ஃபைனலில் வந்த டீமின் தேர்ட் பேஸ்காரி கம்பி வைத்த முகக்கவசம் போட்டுக்கொண்டு நின்றாள். ஆறு எட்டு முன்னால். நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தேர்ட் பேஸ்காரியும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் விசிலைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அந்த டீமின் கோச் ஒரு சார், வாயில் வெற்றிலையோடு நின்றிருந்தார். எங்கள் தேர்ட் பேஸ் எங்கே நிற்கிறது என்பதை ஒரே இன்னிங்ஸில் பார்த்துக்கொண்டார். அடுத்த இன்னிங்ஸில் வரிசையாக நாலு பன்ட், நாலும் தேர்ட் பேஸ் பக்கம். எங்கள் பிட்சர் முதல் பந்தை எடுத்தாள். இரண்டாவதற்கு ஓடியபோது வழுக்கி விழுந்தாள். மூன்றாவதில் பந்தை எடுத்தும் எறியத் தெம்பில்லை. ஒவ்வொரு தடவையும் பந்து வருமுன்னே தேர்ட் பேஸிலிருந்து குரல் வந்தது: "மிஸ், கை நகருது. போவட்டுமா மிஸ்?"

"நில்லு அங்கியே!"

கடைசி இன்னிங்ஸில் அவள் என்னைக் கேட்கவில்லை. பேட்டரின் கை நகர்ந்ததும் ஒரே பாய்ச்சல். கிளவுஸ் போடாத கையால் பந்தை அள்ளி, நிமிராமலே, குனிந்த வாக்கில் ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்தாள். ஓடியவள் இன்னும் மூன்று எட்டு தூரத்தில் இருந்தாள். அவுட். இருபது வருஷத்தில் எங்கள் மாவட்டத்துப் பெண் ஒருத்தி அப்படி ஒரு பந்து எடுத்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் எல்லாம் குதித்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோட்டுக்கு ஓரமாக அவள் பக்கத்தில் ஓடிப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு, "யாருடி ஒன்னப் போவச் சொன்னது? பின்னாடி போ. இன்னொருக்கா வந்தீன்னா வெளியில உக்கார வெச்சிருவேன்" என்றேன். எனக்கு அந்த நேரம் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் என் சேலையில் விழுந்த செம்மண்தான். அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. மெல்லப் பின்னால் போய் நின்றாள். அடுத்த இரண்டு பேரும் பன்ட் போட்டார்கள். அவள் அசையவில்லை. தோற்றோம்.

மேட்ச் முடிந்ததும் பந்தலுக்குக் கீழே மூன்று பேர் உட்கார்ந்து மாநில டீமுக்குப் பேர் எழுதினார்கள். எல்லாம் வேறு வேறு பள்ளி பி.டி. ஆசிரியர்கள். பந்தல் ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் இருந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் நான் அவளைத் தடுத்தது அவர்களுக்குக் கேட்டிருக்காது. என்னைக் கூப்பிட்டு, அதில் மூத்தவர் கேட்டார்: "என்ன டீச்சர், உங்க தேர்ட் பேஸ் நல்ல கை. ஆனா பந்துன்னா பயப்படுதே? ஒரு பந்து வந்து எடுத்துச்சு, அப்பறம் பின்னாடியே போயிருச்சு. மாநிலத்துல இப்பிடி நின்னா கிழிச்சுருவாங்க."

பக்கத்து நாற்காலியில் அந்த வெற்றிலை சார் இருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தாரோ, வெற்றிலையைத்தான் மென்றாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான்தான் சார் நிற்கச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். நாலு வார்த்தை. சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். எந்த மடச்சி பன்ட் டீமுக்கு எதிராகத் தேர்ட் பேஸைப் பின்னால் நிறுத்துவாள் என்று மாவட்டம் முழுக்கப் பேசுவார்கள்.

"கொஞ்சம் அப்பிடித்தாங்க சார்" என்றேன்.

அவர் பேனாவால் ஒரு பேரை அடித்தார். முடிந்தது.

மறுநாள் அவள் கிரவுண்டுக்கு வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. "ஏன் மிஸ் என்ன எடுக்கல?"

"பந்துன்னா ஒனக்குப் பயம்ங்கறாங்க."

"நீங்கதான மிஸ் பின்னாடி நிக்கச் சொன்னீங்க?"

அப்போதாவது ஒத்துக்கொண்டிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். அந்த மூத்தவர் வீட்டுக்கு அவளையே கூட்டிக்கொண்டு போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பட்டியல் மேலே போக இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஆனால் என்னைக் குற்றம் சொன்னால் எனக்கு வருவது கோபம் ஒன்றுதான். "நான் சொன்னா? நான் சொல்லாமத்தான ஒரு பந்துக்குப் போன? அடுத்ததுக்கும் போயிருக்க வேண்டியதுதான? மனசுல தைரியம் இருக்கறவ யாரு தடுத்தாலும் போவா. ஒனக்கு அது இல்ல. அதுக்கு எம் மேல எதுக்குப் பழி போடற?"

அவள், "சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். பரீட்சை வரை கிரவுண்டுப் பக்கம் வரவில்லை. ரிசல்ட் வந்த பிறகு கல்யாணப் பத்திரிகையை அவள் அப்பா கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க சொன்ன வார்த்தையக் காப்பாத்திட்டீங்க டீச்சர்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

போன ஆடி மாதம் அவளைப் பார்த்தேன். நான் இப்போது பென்னாகரம் பக்கத்துப் பள்ளியில் இருக்கிறேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, "மிஸ்" என்று பக்கத்து சீட்டிலிருந்து குரல் வந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தர்மபுரியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை, சுடிதார் செக்‌ஷனில். ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போகிறது. மாமியார் பரவாயில்லையாம். வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறாராம். எல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"கடையில நல்லா வெச்சிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் மிஸ். போன மாசம் அந்த செக்‌ஷனுக்கே என்ன சூப்பர்வைசராப் போடறேன்னாங்க. நான் வேணாமின்னுட்டேன்."

"ஏன்?"

"அய்யோ, எனக்கு அதெல்லாம் ஆவாது மிஸ். பத்துப் பொண்ணுங்கள வேல வாங்கணும், மொதலாளிகிட்ட நின்னு பதில் சொல்லணும். நான்தான் பயந்தாங்கொள்ளியாச்சே." மறுபடியும் சிரித்தாள். "கல்யாணத்தப்பக் கூட அப்பாகிட்ட ஒரு வருசம் கழிச்சு வெச்சுக்கலாம்னு சொல்லலாமான்னு நெனச்சேன். வாயே வரல. அப்பல்லாம் நீங்க சொன்னதுதான் ஞாபகம் வரும். மிஸ் நம்மளக் கரெக்டாக் கண்டுபிடிச்சிருக்காங்கடான்னு நெனச்சுக்குவேன்."

பஸ் இண்டூர் தாண்டியது என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து, பஸ்ஸில், சத்தத்துக்கு நடுவில். "நீ பயப்படவே இல்லம்மா. பயந்தது நான். முந்தின வருசம் ஒரு புள்ளைக்குப் பல்லு போனதிலிருந்து எனக்குக் கை நடுங்கும். அதனாலதான் ஒன்னப் பின்னாடி நிறுத்துனேன். அங்க பேர் எழுதறவங்க கேட்டப்ப, பொண்ணுக்குப் பயம்னு நானே சொன்னேன். எம் மானத்தக் காப்பாத்திக்க அப்பிடிச் சொன்னேன். நீ எடுத்த அந்த ஒரு பந்து மாதிரி நான் பாத்ததே இல்ல." அவள் அப்பா வந்து கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அதையும் சொன்னால் பழியை இன்னொருத்தர் தலையில் வைக்கிற மாதிரி ஆகிவிடும்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தாள். தன் குழந்தையைத் தேற்றுகிற மாதிரி.

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க. வுடுங்க மிஸ்."

"சத்தியமா சொல்றேன்."

"சரி, அப்பிடியே நீங்கதான் நிறுத்துனீங்கன்னு வெச்சுக்குவோம். வேறொரு பொண்ணா இருந்தா நீங்க கத்துனாலும் போயிருப்பா மிஸ். நான் போவலியே."

அவள் நிறுத்தம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு, "ஒருக்கா வூட்டுக்கு வாங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.